தி ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹுட்: தாய்மையின் கணக்கு

'தி ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹுட்' நைஜீரிய எழுத்தாளர் புச்சி எமசெட்டா (1944-2017) ஆங்கிலத்தில் எழுதிய நாவல். 1979-ல் வெளிவந்தது. 'தாய்மையின் இன்பங்கள்' என்று பொருள்படும் இத்தலைப்பு, ஃப்ளோரா நுவாப்பாவின் 'எஃபுரு' (1966) நாவலின் முடிவிலிருந்து பெறப்பட்டது. அதிலுள்ள கசப்பு நாவலை முடித்த பின்னரே முழுமையாகப் புரியும்.

காலனிய ஆட்சிக்காலத்தில் இபுசா என்னும் இக்போ ஊரிலும் லாகோஸ் நகரிலும் கதை நிகழ்கிறது. முதல் மணத்தில் குழந்தை பிறக்காததால் விலக்கப்பட்ட நு ஏகோ, லாகோஸில் வெள்ளையர் வீட்டில் துணி வெளுக்கும் நாயிஃபேவுக்கு மனைவியாகிறாள். பிறந்த முதல் ஆண் குழந்தை இறந்ததும் பாலத்திலிருந்து குதிக்கத் துணிகிறாள். பின்னர் பல பிள்ளைகளைப் பெறுகிறாள்.

மரபு பெண்ணை ஒடுக்குகிறது என்று மட்டும் இந்நாவல் சொல்வதாகக் கொண்டால் பாதிதான் கிடைக்கும். ஊரில் மரபு பெண்மீது சுமத்திய கடமைகளுக்கு உறவினர் கூட்டத்தின் துணையும் இருந்தது. நகரத்து ஒற்றை அறையில் துணை போய்விட்டது, கடமை மட்டும் எஞ்சியது. கணவன் உலகப்போருக்குப் பிடித்துச் செல்லப்பட்டபோது சிகரெட்டும் தீப்பெட்டியும் விறகும் விற்றுக் குடும்பத்தைக் காப்பவள் அவளே.

நாவலின் உச்சம் நீதிமன்றக் காட்சி. யொரூபா இளைஞனை மகள் விரும்பியதற்காக அவன் வீட்டார்மீது வெட்டுக்கத்தியுடன் பாய்ந்த நாயிஃபே விசாரிக்கப்படுகிறான். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டுவது யார் என்ற கேள்விக்கு, தான் கட்டினாலும் தன்னை உடைமையாகக் கொண்டவன் கணவன், ஆகவே கட்டுபவன் அவனே என்கிறாள் நு ஏகோ. அவனைக் காப்பதற்காகச் சொன்ன இப்பதிலே அவனுக்கு எதிரான சாட்சியாகிறது. அவள் நம்பி வாழ்ந்த ஏற்பாடு முழுவதையும் எமசெட்டா எந்த விளக்கவுரையும் இல்லாமல் இங்கே காட்டிவிடுகிறார்.

நு ஏகோ வெறும் பலியாள் அல்ல என்பதே நாவலின் வலிமை. மூத்த மகன் ஓஷியாவின் படிப்புக்காக இரட்டைப் பெண்களின் பள்ளியை நிறுத்துபவள் அவள். கணவன் வெள்ளைக்காரியின் உள்ளாடைகளைத் துவைப்பதால் அவனை ஆணாகவே மதிக்காதவளும் அவள்தான். சக மனைவி அடாக்கு ஆண்பிள்ளை இல்லாதவள் என்பதால் உறவினர்கள் அவளையே குற்றவாளியாக்கும்போது, அந்தத் தீர்ப்பின் பலன் நு ஏகோவுக்குப் போகிறது.

அடாக்கு தன் இரு மகள்களுடன் வெளியேறுகிறாள். அவர்களைப் படிக்கவைக்கத் தீர்மானிக்கிறாள். ஆனால் அதன்பின் நாவல் அவளைப் பெரிதும் கைவிட்டுவிடுகிறது. தப்பித்த பெண்ணின் வாழ்வு எப்படியிருந்தது என்பதே வாசகர் அறிய விரும்புவது, அது கிடைப்பதில்லை. நாயிஃபேயும் பல இடங்களில் தொப்பையும் குடியுமாகக் கேலிச்சித்திரம் போலவே நிற்கிறான். காலனியம் அவனையும் சிறுமைப்படுத்தியது என்பதை எமசெட்டா அறிந்திருந்தும் அங்கே நீண்ட நேரம் நிற்பதில்லை.

மகன்கள் வெளிநாடு சென்றபின் நு ஏகோ சாலையோரத்தில் தனியாக இறக்கிறாள். ஓஷியா கடன் வாங்கிப் பெரிய ஈமச்சடங்கு நடத்துகிறான். குழந்தை வேண்டுவோருக்காக அவள் பெயரில் ஒரு வழிபாட்டிடமும் எழுப்பப்படுகிறது. அங்கு வந்து வேண்டும் பெண்களுக்கு அவள் பிள்ளைவரம் தருவதில்லை.