காணாமற்போன படம்

நான் பார்க்காத படத்தைப் பற்றி எழுதுகிறேன். இனி யாரும் பார்க்க முடியாது. பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. அகஸ்தீஸ்வரத்துக்காரரான ஜே. சி. டேனியல் நிலத்தை விற்று, 1930-ஐ ஒட்டித் திருவனந்தபுரத்தில் திரையிட்ட ‘விகதகுமாரன்’ என்ற பேசாப்படம் அது.

கதை நாடகக் கம்பெனிச் சரக்குதான். இலங்கைக்குக் கடத்தப்பட்ட பையன், வளர்ந்தபின் முதுகுத் தழும்பால் அடையாளம் தெரிந்து குடும்பத்தோடு சேருகிறான். நடுவில் அவன் தங்கைக்கும், டேனியலே நடித்த கதாநாயகனுக்கும் காதல்.

தங்கை நாயர் பெண். அந்த வேஷம் போட்ட ரோசியோ புலையர் குலத்தவர். அவள் கூந்தல் பூவைக் கதாநாயகன் எடுத்து முத்தமிட்டதும் கேபிடல் தியேட்டரில் கூட்டம் கொதித்து, கல்லெறிந்து திரையைக் கிழித்தது என்கிறார்கள். ரோசியின் குடிசையையும் எரித்தார்களாம். ஊரைவிட்டு ஓடியவர் பிறகு நடிக்கவேயில்லை.

ஹாதார்னின் ‘ஸ்கார்லெட் லெட்டர்’ நாவல் 1926-ல் பேசாப்படமாக வந்தது. ஒரு பெண்ணின் காதலைக் குற்றமாக்கும் ஆசார ஊர் அங்கே திரைக்குள் இருக்கிறது. நாம் அவளுக்காகக் கண்ணீர் விடலாம். இங்கே அந்த ஊர் டிக்கெட் வாங்கித் திரைக்கு எதிரே உட்கார்ந்திருந்தது. கதையில் குற்றமில்லாத காதல், நடித்தவரின் ஜாதியால் குற்றமாயிற்று.

அது அந்நிய தேசமல்ல. எங்கள் சங்கரன்கோவிலுக்குத் தென்மேற்கே, செங்கோட்டை அன்று திருவிதாங்கூர்ச் சீமைதான். இங்கே கோமதியம்மன் தவமிருந்து, சிவனையும் திருமாலையும் ஒரே மேனியில் கண்டாள். ஒரு நடிகையையும் அவர் போட்ட வேஷத்தையும் ஒன்றாகப் பார்க்க அந்தக் கூட்டத்துக்கு மனமில்லை.

விகதகுமாரன் என்றால் காணாமற்போன மகன். கதையில் அவன் வீடு திரும்பிவிட்டான். ரோசியைத் தேட வேண்டுமென்று நமக்குத் தோன்றவே பல பத்தாண்டுகள் ஆயின.