மூன்று நாள் காவி

விலாவில் ஒரு பக்கமாகத் தீப்பட்டதுபோல எரிந்து, இரண்டொரு நாளில் கொத்துக் கொத்தாகக் கொப்புளம் எழும்பினால், தாயில்பட்டி, வெம்பக்கோட்டை, சாத்தூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் டாக்டர் பெயர் முதலில் வருவதில்லை. "அக்கி மாதிரி இருக்கு, வேளார் வீட்டுக்குப் போய் எழுதிட்டு வா" என்பார்கள். வேளார் என்னும் மண்பாண்டம் வனைகிறவர் காவிக்கல்லை நீர்விட்டு இழைத்து, இறகால் தொட்டு, கொப்புளங்களின் மேலும் சுற்றியும் பூசுவார். கூடவே சிங்கத்தின் உருவம் எழுதுகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் மூன்று நாள் எழுத வேண்டும். அதுவரை குளியல் கிடையாது, கவிச்சி ஆகாது. கூலி என்று பேரம் பேசுவதில்லை; வெற்றிலை பாக்கோடு முடிந்ததை வைத்தால் போதும். தமிழ்நாட்டின் பல ஊர்களில் இந்த வழக்கம் உண்டு. கன்னட, தெலுங்கு நாட்டுக் குயவர்களும் செங்காவியால் எழுதுகிறார்கள்.

இதை மூடநம்பிக்கை என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். முன்னோர் அறிவியல் என்று வாட்ஸ்அப்பில் கொண்டாடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பும் கேட்காமல் விடும் கேள்வி, யார் உடம்பில் எழுதுகிறோம் என்பது. இருபத்தைந்து வயது இளவட்டத்தின் விலாவில் எழுதும் காவியும், இன்னொருவர் சிறுநீரகத்தை வாங்கி வைத்துக்கொண்டு வாழ்கிறவர் விலாவில் எழுதும் காவியும் ஒன்றல்ல. இரண்டாவது ஆளை வைத்தே இந்த வழக்கத்தை எடைபோட வேண்டிய காலம் வந்துவிட்டது.

இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. அன்றைக்குக் கரிசல்காட்டுக் கூலிக்காரர் அதை நினைத்துப் பார்த்திருக்க முடியாது. 2008 செப்டம்பரில் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளை மருத்துவர்களான அவருடைய பெற்றோர் தானம் தந்த பிறகு தமிழ்நாட்டில் நிலைமை மாறியது. தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் வந்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உறுப்பு மாற்று அறுவையும் சேர்ந்தது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலேயே சிறுநீரகம் மாற்றுகிறார்கள். ஆகவே பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் போகிற குடும்பங்களிலும் இனி மாற்றுச் சிறுநீரகத்தோடு ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பது அதிசயமில்லை.

அக்கி புதிதாகத் தொற்றும் நோயல்ல. சின்ன வயதில் கொப்புளிப்பான் அம்மை வந்து இறங்கிய பிறகும் அதன் வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக்கொள்கிறது. அதை அடக்கி வைத்திருப்பது டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள். முதுமையிலோ நோயிலோ அந்தக் காவல் தளர்ந்தால், ஒரு நரம்பின் பாதையைப் பிடித்துக்கொண்டு தோலுக்கு இறங்குகிறது. அதனால்தான் அக்கி ஒரு பக்கமாக, பட்டையாகப் போடுகிறது.

குயவர் பக்கத்து நியாயத்தை முதலில் பேசிவிடலாம். தலைமுறை தலைமுறையாக இதையே பார்த்து வந்த கண் அது; பட்டையாக, ஒரு பக்கமாக வந்த கொப்புளத்தை அனேகமாகச் சரியாகவே அடையாளம் காண்கிறது. காவி என்பது இரும்பு ஆக்சைடு கலந்த மண். வைரஸைக் கொல்லும் சக்தி அதற்கில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் அக்கிக்கும் அம்மைக்கும் பூசத் தரும் இளஞ்சிவப்பு கலாமைன் லோஷனும் வைரஸைக் கொல்வதில்லை. அது துத்தநாக ஆக்சைடு. அந்த நிறத்தைத் தருவது அதில் சேர்த்திருக்கும் சிறிதளவு இரும்பு ஆக்சைடுதான். இரண்டும் குளிர்ச்சி தருகின்றன, நீர்க்கசிவை உலர்த்துகின்றன, சொறிகிற கையைத் தடுக்கின்றன. உடம்பு திடமாக இருக்கும் இளவயதினருக்கு அக்கி இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாகவே ஆறிவிடும். பிறகு மாதக்கணக்கில் நீடிக்கும் நரம்பு வலியை வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தடுக்கிறது என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. ஆகவே அந்த இளவட்டத்துக்குக் காவியா மாத்திரையா என்பதில் முடிவு பெரிதாக மாறிவிடாது. காவியின் நற்பெயர் முழுக்க இந்தத் தானாக ஆறுகிறவர்களால் வந்தது. ஆறாதவர்கள் கணக்கில் சேர்வதில்லை. அவர்களுக்கு "அக்கி உள்ளே போயிருச்சு" என்று காரணம் கிடைத்துவிடுகிறது.

இன்னொரு நம்பிக்கையையும் எடுத்துக்கொள்ளலாம். அக்கி இடுப்பைச் சுற்றி வந்து தலையும் வாலும் முட்டிவிட்டால் ஆள் தப்பாது என்பார்கள். சாதாரண உடம்பில் அது நடுக்கோட்டைத் தாண்டுவதே அபூர்வம். தாண்டினால், பல இடங்களில் சிதறினால், நோய் எதிர்ப்பு தளர்ந்திருக்கிறது என்று மருத்துவரும் சந்தேகப்படுவார். எல்லை தாண்டிய அக்கி ஆகாது என்பதைக் கண்ணால் பார்த்து வைத்திருந்தவர்களின் பேச்சு இது. பாம்பைப் போலச் சுற்றுவது, முட்டுவது என்ற கதையைக் கழித்துவிட்டால் மிஞ்சும் கவனிப்பு சரியானது. எனக்கு இந்த வழக்கத்தின் மேல் மரியாதை வருகிற இடமும் இதுதான்.

மாற்று உறுப்பு வாங்கியவரின் உடம்பு இந்த மரியாதையையெல்லாம் பார்ப்பதில்லை. புதிய சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்க அவர் டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரட்னிசோலோன் சாப்பிடுகிறார். வைரஸை அடக்கி வைத்திருந்த அதே டி செல்களைத்தான் இந்த மாத்திரைகள் அடக்குகின்றன. உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 முதல் 11 பேருக்கு முதல் நான்கு ஆண்டுகளுக்குள் அக்கி வருவதாக மேலைநாட்டு மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. இதயம், நுரையீரல் மாற்றியவர்களுக்கு இன்னும் அதிகம். எண்ணிக்கையைவிட வருகிற விதம் மோசம்: உடம்பெங்கும் சிதறலாம், நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் போகலாம். சிலருக்குக் கொப்புளம் தெரியுமுன்பே தாங்க முடியாத வயிற்றுவலியாகத் தொடங்குவதுண்டு. நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வந்தால் கண்ணுக்கு ஆபத்து.

வருகிற நேரமும் கவனிக்க வேண்டியது. அறுவைக்குப் பின் முதல் மூன்று முதல் ஆறு மாதம் வேறொரு வைரஸைத் தடுக்கப் பலருக்கு வால்கான்சைக்ளோவிர் தருகிறார்கள். அது அக்கி வைரஸையும் சேர்த்தே அடக்கிவிடுகிறது. மாத்திரையை நிறுத்திய பிறகு அக்கிக்கு வழி திறக்கிறது. அதற்குள் ஆள் ஊருக்குத் திரும்பியிருப்பார். மதுரைக்குப் போகிற இடைவெளியும் நீண்டிருக்கும்.

அசைக்ளோவிர் போன்ற மருந்தைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். எழுதும் மூன்று நாளும் அதே 72 மணி நேரம்தான். வழக்கத்தின் பெரிய குறையாக நான் காண்பது காவியை அல்ல, இந்த நாட்கணக்கை. எழுதி முடியட்டும், பார்க்கலாம் என்று வீட்டில் எல்லோரும் பொறுமையாக இருக்கிறார்கள். மாற்று உறுப்புக்காரருக்கு 72 மணி தாண்டியிருந்தாலும் மருந்து தொடங்கியே ஆக வேண்டும். ஆனால் அதற்குள் நோய் சிதறியிருந்தால் மாத்திரை போதாது, படுக்கையில் சேர்த்து நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். அளவையும் சிறுநீரகத்தின் நிலை பார்த்தே குறிக்க வேண்டும். இங்கே ஒரு செய்தி சொல்லத் தோன்றுகிறது. உறுப்பு மாற்றைத் தொடக்க காலத்தில் சாத்தியமாக்கிய அசதயோபிரின், அக்கிக்கான அசைக்ளோவிர் இரண்டின் பின்னாலும் இருந்தவர் கெர்ட்ரூட் எலியன் என்ற ஒரே பெண். 1988இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். நோய் எதிர்ப்பைத் தளர்த்தும் மருந்தும், அதனால் தலைதூக்கும் வைரஸுக்கான மருந்தும் அவருடைய ஆய்வுக்கூடத்தின் வேலை.

அடுத்தது பத்தியம். புளி, மீன் விலக்குவதில் பெரிய கேடில்லை. "இங்கிலீஷ் மாத்திரை சூடு, மூணு நாளைக்கு நிறுத்தும்மா" என்று யாராவது சொன்னால் அதுதான் விபரீதம். டாக்ரோலிமஸை நிறுத்தினால் உறுப்பையே உடம்பு நிராகரிக்கத் தொடங்கலாம். எரிச்சல் தாங்காமல் மருந்துக்கடையில் வாங்கும் டைக்ளோபினாக் மாத்திரையும் வலி ஊசியும் மாற்றுச் சிறுநீரகத்துக்கு ஆகாதவை. குளிக்காத உடம்பில், உடைந்த கொப்புளத்தின் மேல் கொதிக்க வைக்காத நீரில் குழைத்த மண்; பலருக்கும் தொட்ட ஒரே இறகு. மற்றவர்களுக்கு இது சீழாக முடியும், இவர்களுக்கு அதோடு நிற்காது. இன்னொன்று, வெயில் நாடுகளில் பலர் சிறுவயதில் அம்மை வராமலேயே பெரியவர்களாகிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட ஒருவர் மாற்று உறுப்போடு வேறு காரியமாக வேளார் வீட்டு முற்றத்தில் போய் உட்கார்ந்தால்கூட, அங்கே எழுத வந்தவரின் திறந்த கொப்புளத்திலிருந்து அம்மையே தொற்றலாம்.

ஆஸ்பத்திரிப் பக்கத்துக் குறையையும் சொல்லாவிட்டால் இது ஒருதலைப்பட்சம். "காய்ச்சல் வந்தால் உடனே வாங்க" என்று சொல்லி அனுப்புகிறார்கள்; அக்கி காய்ச்சலில்லாமலும் வரும். பட்டாசு வட்டாரத்தில் தோலில் எது வந்தாலும் முதலில் பழி விழுவது அலுமினியப் பவுடர்மேல், அல்லது வேர்க்குருமேல். முதுகுவலி, விலாவலி வந்தால் குனிந்து வேலை பார்த்த சுளுக்கு. வாரச் சம்பளக்காரக் குடும்பத்தில் ஒருவர் வேலையை விட்டுத் துணைக்கு மதுரை போய்வந்தால் அன்றைய கூலி போச்சு. வேளார் வீடோ நடக்கிற தூரம். அவர் உட்கார வைத்துப் பேசுகிறார், தொடுகிறார், மறுநாளும் வரச்சொல்கிறார். அவசர வார்டில் நள்ளிரவில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை. மதுரை வரை போகாமல், 2022இல் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியிலேயே முதல் மாத்திரையைத் தொடங்கிக்கொண்டு உறுப்பு மாற்று மருத்துவரிடம் போனில் கேட்கும் ஏற்பாடு இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

அக்கிக்குத் தடுப்பூசியும் இருக்கிறது. பழையது உயிருள்ள வைரஸால் ஆனது, மாற்று உறுப்புக்காரருக்குப் போடக் கூடாது. 2017இல் வந்த ஷிங்ரிக்ஸ் அப்படியல்ல. நோய் எதிர்ப்பு குறைந்த பதினெட்டு வயது கடந்தவர்களுக்கும் போடலாம் என்று அமெரிக்கா 2021இல் அனுமதித்தது. இந்தியாவுக்கு 2023இல் வந்துவிட்டது. இரண்டு ஊசி, ஒன்றின் விலையே பத்தாயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது. அம்மைத் தடுப்பூசியும் அரசின் இலவசப் பட்டியலில் இல்லை, உயிருள்ள வைரஸ் என்பதால் அறுவைக்கு முன்பே போட்டாக வேண்டும். டயாலிசிஸில் காத்துக்கிடக்கும் மாதங்கள் இரண்டுக்கும் ஏற்ற காலம். அறுவைக்கு லட்சக்கணக்கில் தரும் காப்பீடு இந்த ஊசிகளுக்கும் தர வேண்டும் என்று கேட்பது பேராசையாகாது.

வேளாரைத் தடுப்பதால் பயனில்லை. தடுத்தால் இருட்டின பிறகு போவார்கள். மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் 2021 முதல் வீடு வீடாகப் போகிறார்கள். வீட்டிலேயே டயாலிசிஸ் செய்பவர்களுக்குப் பைகளும் கொண்டு தருகிறார்கள். அவர்கள் வேளார் முற்றத்திலும் கொஞ்ச நேரம் உட்காரலாம். இறகைத் தொடுமுன் வேளார் கேட்க வேண்டியவை சில கேள்விகள்தான்: கிட்னி, ஈரல் மாற்றியவரா, புற்றுநோய்க்கோ வேறெதற்கோ ஊசி மாத்திரை ஓடுகிறதா, கண்ணுக்குப் பக்கத்தில் வந்திருக்கிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்று பதில் வந்தாலும் எழுதாமல், சாப்பிடுகிற மாத்திரையை நிறுத்தாமல், அன்றைக்கே பஸ் ஏற்றிவிட வேண்டும். டாக்டர் சொன்னால் யோசிக்கிறவர்கள், வேளார் சொன்னால் கிளம்பிவிடுவார்கள்.