கட்டபொம்மன் மீசையும் தில்லுமுல்லு மீசையும்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டப்புறப் பள்ளிகளில் கலை நிகழ்ச்சி என்றால், புருவப் பென்சிலால் மீசை வரைந்த ஒரு கட்டபொம்மன் மேடையேறாமல் இருக்க மாட்டான். குளிரான இடம் என்பதால் அந்த மீசைக்கு ஆயுசு கெட்டி. கிள்ளானிலோ ஈப்போவிலோ என்றால் பாதி வசனத்திலேயே வியர்வையில் கரைந்து தாடைக்கு இறங்கிவிடும். இங்கே கடைசிவரை நிற்கிறது. நிற்பதுதான் பிரச்சினையே! பிள்ளை வசனத்தைப் பாதி விழுங்கினாலும் பரவாயில்லை, மீசையை ஒரு முறுக்கு முறுக்கினால் போதும், கைதட்டல் வந்துவிடுகிறது.

அந்த மீசை யாருடையது என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "கட்டபொம்மனோடது சார்" என்பார்கள். 1799 அக்டோபர் 16-இல் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டவருக்குப் புகைப்படம் ஏது? அந்தக் கலையே அப்போது பிறக்கவில்லை. நம் பிள்ளைகள் வரைவது சிவாஜி கணேசனின் மீசையை. சக்தி டி. கே. கிருஷ்ணசாமியின் எழுத்தில் முதலில் மேடை நாடகமாக நடித்து, பிறகு 1959-இல் பி. ஆர். பந்துலு இயக்கிய 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் அவர் வைத்துக்கொண்ட ஒப்பனை அது. அந்த நடிப்புக்கு 1960-இல் கெய்ரோ ஆப்பிரிக்க-ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தது. கயத்தாறில் கட்டபொம்மனுக்குச் சிலை வைத்தவரும் சிவாஜியே. ஒரு நடிகரின் ஒப்பனை இப்படித்தான் நம் மனத்தில் வரலாறாகிப் போனது. இதில் சிவாஜியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாம்தான் பிள்ளைகளிடம் அதைச் சொல்லாமல் விடுகிறோம்.

சொல்லாததால் என்ன நட்டம்? ஜாக்சன் துரையைச் சந்திக்கும் காட்சியை ஒருமுறை படத்தை மறைத்து, ஒலியை மட்டும் ஓடவிட்டுக் கேளுங்கள். மீசை இல்லை, உடை இல்லை. ஆனாலும் வீரம் இருக்கிறது. ஏளனத்துக்கு ஒரு குரல், கோபத்துக்கு வேறொரு குரல். எங்கே மூச்சை அடக்க வேண்டும், எந்தச் சொல்லில் அழுத்த வேண்டும் என்கிற கணக்கு அத்தனையும் கேட்கிறது. பிறகு ஒலியை அடைத்துவிட்டுப் படத்தை மட்டும் காட்டுங்கள். மீசை அப்படியேதான் இருக்கும், காட்சி பாதியாகிவிடும். நம் மேடைகளில் நடப்பது இந்த இரண்டாவது வகை.

இதற்குச் சரியான மாற்று மருந்து 'தில்லுமுல்லு'. 1979-இல் வந்த 'கோல்மால்' என்ற இந்திப் படத்தைத் தழுவி, 1981-இல் கே. பாலசந்தர் எடுத்தது. தேங்காய் சீனிவாசன் நடித்த முதலாளிக்கு, மீசை உள்ளவன்தான் ஒழுக்கமானவன். பொய் சொல்லி வேலையில் சேர்ந்த ரஜினிகாந்த், மாட்டிக்கொண்டதும் மீசை இல்லாத தம்பி ஒருவன் இருப்பதாகக் கதை விடுகிறார். அப்புறம் ஒரே ஆள்தான் இரண்டு பேர். நடுவில் ஒட்டு மீசை. மீசையை வைத்து ஆளை எடைபோடுகிறவர்தான் இந்தப் படத்தில் ஏமாளி. என் கணிப்பில், மீசைக்காரச் சந்திரனைவிட மீசையில்லாத இந்திரனிடம்தான் ரஜினி கலகலப்பாக இருக்கிறார். சாப்ளினும் நிஜ வாழ்க்கையில் மீசை வைத்த ஆள் இல்லை. வயதைக் கூட்டிக் காட்டவே அந்தக் குட்டி மீசையை ஒட்டிக்கொண்டார் என்பதையும் கூடவே சொல்லலாம்.

சிரிப்போடு விட்டுவிட முடியாத இடமும் உண்டு. 1992-இல் வந்த 'தேவர் மகன்' படத்தில், பட்டணத்து மகனாக வரும் கமல்ஹாசன் அப்பாவின் இடத்துக்கு வரும்போது முடியை வெட்டி, பெரிய மீசையோடு வந்து நிற்கிறார். நடிப்பாகப் பார்த்தால் அபாரமான மாற்றம். ஆனால் அங்கே மீசை ஒரு சாதியின் அதிகாரத்துக்கும் அடையாளமாகிவிடுகிறது. 2017-இல் குஜராத்தில் மீசை வைத்ததற்காகவே தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். அதை எதிர்த்துப் பலர் மீசைப் படங்களை வெளியிட்டார்கள். மேல் வகுப்பு மாணவர்களோடு அந்தப் படத்தைப் பேசினால் இதையும் பேசுங்கள். லயத்து வீடுகளில் சாதி பேச்சே கிடையாது என்று நாம் நடிக்க வேண்டாம்.

2016-இல் வந்த 'கபாலி' நமக்கு இன்னும் நெருக்கம். பழைய படங்களில் மீசையை முறுக்கி, லுங்கி கட்டி, வில்லன் கூப்பிட்டதும் ஓடிவந்து நிற்கும் அடியாள் நான் இல்லை என்பதுதான் பா. ரஞ்சித்தின் நாயகன் செய்யும் அறிமுகமே. தோட்டத் தொழிலாளர் உரிமைக்காக நின்றவன் கோட்டு சூட்டில், நரைத்த தாடியோடு வருகிறான். படம் பின்பாதியில் துப்பாக்கிச் சத்தத்தில் தொலைந்துபோகிறது, அது வேறு கதை. ஆனால் மீசைக்கும் வர்க்கத்துக்கும் உள்ள தொடர்பை ஐந்தாம் ஆண்டு மாணவனுக்கும் புரிகிற மாதிரி அந்த அறிமுகம் சொல்லிவிடுகிறது.

நம் ஊர் பி. ரம்லியை மறந்துவிடக் கூடாது. போ தேயிலை நிறுவனம் தொடங்கிய அதே 1929-இல் பிறந்தவர். 1955-இல் வந்த 'பெனாரெக் பெச்சா' படத்தில் ரிக்‌ஷாக்காரராக நடித்தார். கோடு போட்ட மாதிரி மெல்லிய மீசைதான் அவர் அடையாளம். அதை முறுக்கவும் முடியாது. மரியாதையான அந்த ஏழையை மாணவர்களுக்குக் காட்டிவிட்டு, கட்டபொம்மனின் மீசையை இவர் முகத்தில் மாட்டினால் என்ன ஆகும் என்று எழுதச் சொல்லுங்கள். உயர்நிலைச் சிந்தனைக் கேள்விக்கு வேறெங்கும் அலைய வேண்டாம்.

அடுத்த கலை நிகழ்ச்சிக்குக் குரல் தேர்வைத் திரைச்சீலைக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். முகம் தெரியக்கூடாது, வசனம் மட்டும். கட்டபொம்மனாகத் தேறுவது இரட்டைச் சடைக்காரி ஒருத்தியாக இருந்தால், புருவப் பென்சிலைத் தேடாமல் அப்படியே மேடையேற்றுங்கள்.