பிந்திய எழுத்தும் முந்திய எழுத்தும்

1921இல் ‘யங் இந்தியா’ இதழிற் கலப்புமண விலக்கினை ஆன்ம வளர்ச்சிக்கு இன்றியமையாததெனப் போற்றிய காந்தியடிகள், 1935இல் ‘ஹரிஜன்’ இதழில், வருணக் கொள்கையைக் கைவிடாமலே, சாதி ஒழிதல் வேண்டுமென எழுதினார். தம் எழுத்துக்கள் மாறுபடின் பிந்தியதையே கொள்க என்பது 1933இல் அவரே வகுத்த விதி. அவ்விதி எழுதியவர்க்குப் பொருந்தும்; கேட்டவர்க்குப் பொருந்துமோ? 1927இல் யாழ்ப்பாணம் வந்தவர் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காந்தியடிகள். தீண்டாமையைக் கடிந்தும் வருணாசிரமத்தைப் போற்றியும் நின்றவர்.

இலங்கையில் அடிமைமுறை 1844இற் சட்டத்தால் ஒழிந்தது. எனினும் 1968இல், கீரிமலைக்கு அயலிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில், ஒடுக்கப்பட்டோர் நுழைவுரிமை வேண்டிப் போராட நேர்ந்தது. பிந்திய எழுத்து அவ்வாயிலைத் திறந்திலது. ஆதலின், பெரியோரின் கருத்து மாற்றத்தைப் போற்றுங்கால், அம்மாற்றத்துக்குக் காத்திருந்தோரையும் எண்ணுதல் திறனாய்வாளன் கடனாகும்.