குதிரைக்குச் சலுகை, கொழுந்துக்குக் கணக்கு

மலையக இலக்கியத்தில் லயம் உண்டு. கங்காணியும் துரையும் உண்டு. கொழுந்துக் கூடையும் தராசும் உண்டு. நுவரெலியாவின் குதிரைப் பந்தயத் திடலோ அதில் அரிதாகவே தென்படுகின்றது. இது சிறு குறையன்று என்பது நமது கருத்து.

கோப்பித் தோட்டங்களை இலைநோய் அரித்துக்கொண்டிருந்த காலத்தில், 1875இல், அத்திடல் அமைந்தது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரின் உழைப்பில் செழித்த வர்க்கம் தனது ஓய்வுக்கென்று உண்டாக்கிய இடம் அது. சித்திரை மாத வசந்த காலத்தில் இன்றும் அங்கே பந்தயம் நடைபெறுகின்றது.

பந்தயச் சங்கங்களுக்கு உரிமக் கட்டணத்திலும் குத்தகையிலும் சலுகை கேட்போர் மூன்று காரணங்களைச் சொல்வர்: இது விளையாட்டு, சுற்றுலாவை வளர்ப்பது, பலருக்கு வேலை தருவது. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, வெறும் சூதாட்டமன்று என 1996இல் இந்திய உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை ஏற்றுக்கொண்டாலும், திறமை சார்ந்த தொழிலுக்குப் பொதுமக்கள் ஏன் வாடகை செலுத்த வேண்டும் என்ற வினா எஞ்சுகின்றது.

சென்னைக் கிண்டியைப் பாருங்கள். 1945இல் ஏறத்தாழ 160 ஏக்கர் அரசு நிலம், ஆண்டுக்கு 614 ரூபாய்ச் சொச்சம் வாடகையில், 99 ஆண்டுகளுக்குப் பந்தயக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. வாடகையை உயர்த்த அரசு முனைந்தபோது வழக்கு எழுந்து பல்லாண்டுகள் நீடித்தது. 730 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நிலுவையைச் செலுத்துமாறு 2023இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. 2024இல் அரசு குத்தகையை முறித்து நிலத்தை மீட்டது. நுவரெலியாவைப் போன்றே மலைவாசத்தலமான உதகையிலும் அதே ஆண்டில் 52 ஏக்கர் பந்தயத் திடல் மீட்கப்பட்டது. அறவிடாது விடப்பட்ட ஒவ்வொரு ரூபாயும் மக்கள் அளித்த நன்கொடையே. அவர்களது சம்மதத்தை மட்டும் எவரும் கேட்கவில்லை.

இலங்கையில் பந்தயம் பிடிப்போரிடம் தீர்வை அறவிட 1988ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. எனவே பந்தயம் பணம் ஈட்டும் தொழில் என்பதை அரசு நன்கறியும். அறிந்தபின் வழங்கும் விலக்கு எதுவாயினும் அது திட்டமிட்ட தெரிவேயாகும்.

இத்தெரிவை மறுபுறத்தோடு ஒப்பிடுவோம். நாளொன்றுக்கு 1000 ரூபா என்ற சம்பளத்தை எட்ட நமது தொழிலாளர் 2021 வரை போராட நேர்ந்தது; அதனையும் எதிர்த்துக் கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. குடும்பமொன்றின் வீட்டுக்கென அரசு ஒதுக்க முன்வந்த நிலம் 7 பேர்ச். கொழுந்தின் நிறை குறைந்தால் கூலி குறைகின்றது. ஆங்கே விலக்கு என்ற சொல்லை எவரும் உச்சரிப்பதில்லை.

நமது எழுத்தாளர் இத்துயரை உருக்கமாகப் பாடியுள்ளனர். 1935இல் வெளிவந்த புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ முதல் தொடரும் மரபு அது. அதன் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் கண்ணீர் மட்டும் சுரண்டலை விளக்கிவிடாது. சம்பளச் சிட்டையைக் கதையில் கொண்டுவந்தவர்கள் குத்தகைப் பத்திரத்தையும் வர்த்தமானியையும் கொண்டுவர வேண்டும். துன்பம் விதியன்று, யாரோ கையொப்பமிட்ட ஏற்பாடு என்பதை வாசகர் அப்போதுதான் உணர்வர்.

ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. தத்தம் ஊரின் பொதுநிலம் யார் வசம், எவ்வளவு வாடகைக்கு, எந்தச் சலுகையுடன் இருக்கின்றது என்று உரிய அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு வழி திறந்துள்ளது. நுவரெலியாத் திடலிலிருந்தே அதைத் தொடங்கலாம்.