முகத்தில் ஒன்றுமில்லை என்று எழுதுவது

நம் சிறுகதைகளில் யாருக்காவது பெரிய இழப்பு நேர்ந்தால் அடுத்த வரியைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். ஒன்று, அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுவார். இல்லையென்றால் ‘உணர்ச்சியற்ற முகத்துடன்’ சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். முதலாவதைப் பழைய பாணி என்று ஒதுக்கியவர்கள் இரண்டாவதை நவீனம் என்று நம்பி எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கு அதுதான் அதிகம் தேய்ந்திருக்கிறது.

தேய்ந்தது மட்டும் அதன் கோளாறு இல்லை. முகம் அசையவில்லை என்பதைக் கண் பார்த்தது, சரி. உள்ளே உணர்ச்சி இல்லை என்பதை யார் பார்த்தார்கள்? தொழுநோய் விழிப்புணர்வு விளம்பரங்களில் ‘உணர்ச்சியற்ற தேமல்’ என்று போட்டிருப்பார்கள். அங்கே அந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது. தொட்டுப் பார்த்து, ‘தெரியலீங்க’ என்று நோயாளியே சொன்ன பிறகு முடிவு செய்வது அது. முகத்துக்கு அப்படியொரு சோதனை கிடையாது. ‘சலனமற்ற’ என்பது இந்த வகையில் கொஞ்சம் நாணயமானது. அசைவு இல்லை என்பதோடு நின்றுகொள்கிறது. ஆனால் பிணத்துக்கும் துறவிக்கும் வட்டிக்கடைக்காரருக்கும் அந்த ஒரே சொல்லைப் பூசிவிடுகிறோம்.

பேச்சுத் தமிழ் இப்படிச் சோம்பல் காட்டுவதில்லை. ‘முகத்துல ஈயாடல’ என்றால் ஏதோ குட்டு உடைந்திருக்கிறது, அல்லது எதிர்பாராமல் ஒரு அடி விழுந்திருக்கிறது. ‘பேயறைஞ்ச மாதிரி’ என்றால் பயம். ‘சுரத்தே இல்ல’ என்றால் வந்த இடத்தில் மனசு ஒட்டவில்லை. கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கும்போது ஒத்தாசைக்கு எழுந்திருக்காதவன் ‘இடிச்ச புளி மாதிரி’ உட்கார்ந்திருக்கிறான். தெரிந்தும் வாய் திறக்காதவன் கல்லுளிமங்கன். அசையாமை ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு சொல்லும் காரணத்தையும் சூழலையும் கையோடு இழுத்து வருகிறது. எழுத்துத் தமிழ் இழந்திருப்பது இதைத்தான்.

இந்தச் சொற்களை அப்படியே கதைக்குள் கொண்டுவந்தால் போதுமா என்றால், போதாது. இவற்றில் பெரும்பாலானவை திட்டுகள். பதிலை எதிர்பார்த்து ஏமாந்தவரின் எரிச்சலில் பிறந்தவை. இடிச்ச புளிக்கும் கல்லுளிமங்கனுக்கும் தன் பக்க நியாயத்தைச் சொல்ல இடமே இல்லை. பாத்திரத்தின் வாயில் இவை உயிரோடு இருக்கும். கதைசொல்லியின் வாயில் வந்தால் தீர்ப்பாகிவிடும்.

திட்டாமல் அசையாத முகத்தைச் சொன்னவர் கம்பர். அரசை ஏற்றுக்கொள் என்றபோதும், அதைத் துறந்து காட்டுக்குப் போ என்றபோதும் இராமன் முகம் ஒன்றுபோலவே இருந்ததைச் சுந்தர காண்டத்தில் சீதை நினைத்துப் பார்க்கிறாள். ஓவியத்தில் மலர்ந்த தாமரை என்கிறார் கம்பர். குளத்துத் தாமரை வெயில் போனால் கூம்பும். ஓவியத்தில் உள்ளது கூம்பாது. எது ‘இல்லை’ என்று சொல்லாமல் மலர்ச்சி என்று சொல்லியே அசையாமையைக் காட்டிவிடுகிறார். முகத்தின் இரு பக்கமும் இரண்டு செய்திகளை வைக்கிறார். அது எதைத் தாங்கியது என்பது அதனால்தான் தெரிகிறது. இன்னொன்றும் உண்டு: நினைப்பவள் சீதை. அந்த முகத்தோடு வாழ்ந்தவளுக்கு உள்ளே இருப்பதைச் சொல்லும் உரிமை இருக்கிறது. தெருவில் நின்று எட்டிப் பார்க்கும் கதைசொல்லிக்கு இல்லை.

அவர் செய்யக்கூடியது வேறு. கணவனின் உடல் வாசலில் இறங்குகிறது. அவள் பந்தல்காரரிடம் நாற்காலி எத்தனை என்று கேட்கிறாள். அவர் ஐம்பது என்றதும், நம்பாமல் தானே எண்ணத் தொடங்குகிறாள். முகத்தைப் பற்றி எதுவும் எழுதத் தேவையில்லை. (இதுவும் நாலு கதையில் வந்தால் சூத்திரமாகிவிடும், அது வேறு விஷயம்.)

முகத்தைப் பார்த்து மனசைச் சொல்லிவிடுவது கதையில் ரசனைக் குறை. நீதிமன்றச் செய்தியில் ஆபத்து. ‘தீர்ப்பைக் கேட்டபோது அவர் முகத்தில் எந்தச் சலனமும் இல்லை’ என்ற வரியைப் படிப்பவர் அதைக் ‘கல்நெஞ்சன்’ என்றே எடுத்துக்கொள்கிறார். இரவெல்லாம் தூங்காதவராக இருக்கலாம். ஆங்கிலத்தில் வாசித்த தீர்ப்பு புரியாமல் நின்றிருக்கலாம். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 280ஆம் பிரிவு, சாட்சியின் நடத்தை பற்றிய குறிப்பை நீதிபதி பதிவுசெய்ய இடம் தந்தது. பார்த்ததைக் குறிக்கலாம்; பார்த்ததிலிருந்து மனசுக்குள் தாவுவதில்தான் சிக்கல். 1942இல் வெளிவந்த அல்பேர் காம்யுவின் ‘அந்நியன்’ நாவலில் மெர்சோ செய்த கொலையைவிட, அம்மாவின் சாவுக்கு அவன் அழாததுதான் நீதிமன்றத்தில் பெரிதாக எழுந்து நிற்கிறது.

பார்கின்சன் நோயாளிகளிடம் வந்தால் நம் சொற்கள் மொத்தமாகக் கைவிடுகின்றன. மூளையில் டோபமைன் குறைவதால் முகத்தசைகள் மெதுவாகின்றன, இமைப்பதும் குறைகிறது. பேரன் சொன்ன நகைச்சுவை தாத்தாவுக்குப் புரிகிறது, சிரிப்பும் வருகிறது. முகத்துக்குத்தான் வந்து சேரவில்லை. வீட்டில் ‘உம்முனு இருக்கார்’ என்கிறார்கள். மருத்துவத்தில் ‘முகமூடி போன்ற முகம்’ என்பார்கள். அதுவும் சரியில்லை, முகமூடியை வேண்டுமென்றே போட்டுக்கொள்வார்கள். ‘முகத்தசை இறுகியிருக்கிறது’ என்று சொன்னால் அழகில்லைதான். ஆனால் அந்த வீட்டில் யாரும் அவரிடம் ‘எங்க மேல என்ன கோபம்?’ என்று கேட்க மாட்டார்கள்.