இசைச் சுவைஞர் செயற்பாட்டை அளவிடுதல்: தென்காசி, குற்றாலம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

ஓர் இசைவகைக்கு உள்ள வரவேற்பை, அதன் சுவைஞர்கள் எழுதிய மடல்கள், கருத்துகள், விருப்பக் குறிகள் ஆகியவற்றின் தொகையைக் கொண்டு மதிப்பிடும் போக்கு அண்மைக்கால ஆய்வுகளில் பெருகி வருகிறது. இத்தொகை எதனை அளக்கிறது, எதனை விட்டுவிடுகிறது என்பதைத் தென்காசி, குற்றாலம் வட்டாரத்தின் மூன்று இசைச் சுவைஞர் மரபுகளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. டி. கே. சி. வட்டம், காவடிச்சிந்து பாடும் அடியவர் கூட்டம், வானொலி நேயர்கள் ஆகியன அம்மூன்று மரபுகளாகும்.

திறவுச்சொற்கள்: சுவைஞர், எண்ணிக்கை, காவடிச்சிந்து, டி. கே. சி., வானொலி நேயர், தென்காசி

முன்னுரை

இசையைக் கேட்பவர் பலர். கேட்டதைப் பற்றிப் பேசுபவர் சிலர். பேசியதை எழுத்தில் வைப்பவர் மிகச் சிலர். ஆய்வாளர் கைக்கு எட்டுவது இம்மூன்றாம் தரப்பினர் விட்டுச்சென்ற தடயமே. அத்தடயத்தை எண்ணி, அதனையே முழுக் கூட்டத்தின் அளவாகக் கொள்ளும்போது, எழுத்துப் பழக்கம் உடையோரின் சுவை ஊரின் சுவையாகப் பதிவாகிறது. எண்ணும் முறையைப் பற்றிய இக்கேள்வி, யாருடைய இசையார்வம் இலக்கிய வரலாற்றில் இடம்பெறும் என்னும் கேள்வியாகவும் விரிகிறது.

சராசரியின் குறைபாடு

1926இல் ஆல்பிரட் லோட்கா அறிவியலாளர்தம் வெளியீடுகளை எண்ணிப் பார்த்து ஓர் ஒழுங்கினைக் கண்டறிந்தார். ஒரு கட்டுரை எழுதியவர் நூறு பேர் எனின், இரண்டு எழுதியவர் அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர். மூன்று எழுதியவர் ஒன்பதில் ஒரு பங்கினர். இக்கணக்கின்படி எழுதியோரில் சுமார் 60 விழுக்காட்டினர் ஒரே ஒரு முறை எழுதியவர்களே. தாமாக முன்வந்து பங்கேற்கும் குழுக்களிலும் இத்தகைய சரிவு பரவலாகக் காணப்படுகிறது. இணையக் குழுக்களைப் பற்றி 2006இல் எழுதிய யாக்கோப் நீல்சன், நூற்றுவரில் 90 பேர் வாசிப்பதோடு நிற்பர், 9 பேர் எப்போதாவது எழுதுவர், ஒருவரே பெரும்பகுதியை எழுதுவார் என்று ஒரு தோராய விதியை முன்வைத்தார்.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். இரு குழுக்களிலும் ஐம்பது ஐம்பது பேர் உள்ளனர். மடல்களும் ஐந்நூறு ஐந்நூறு. முதற்குழுவில் ஒவ்வொருவரும் பத்து மடல் எழுதினர். இரண்டாம் குழுவில் ஐவர் மட்டும் நானூறு எழுத, ஏனைய நாற்பத்தைவரும் சேர்ந்து நூறு எழுதினர். இரண்டிலும் சராசரி பத்தே. ஆனால் மிகுதியாக எழுதிய ஐவரை நீக்கினால் முதற்குழுவில் 450 மடல்கள் எஞ்சும். இரண்டாம் குழுவில் 100 மட்டுமே எஞ்சும். முதலாவது, பரந்த ஆர்வம். இரண்டாவது, ஐவரின் ஊக்கத்தில் நிற்கும் ஆர்வம். மொத்தத் தொகையும் சராசரியும் இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை.

டி. கே. சி. வட்டம்: சிறிய கூட்டம், பெருந்தடயம்

தென்காசியைச் சேர்ந்த டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) ‘ரசிகமணி’ என்றே அறியப்பட்டவர். சுவைத்தலையே ஒருவரின் தகுதியாகக் குறிக்கும் பட்டம் தமிழில் அரிது. திருநெல்வேலியில் அவர் வீட்டில் கூடிய ‘வட்டத்தொட்டி’யும், பின்னர்க் குற்றாலத்தில் அவரை நாடி வந்த ராஜாஜி, கல்கி முதலிய நண்பர்களின் கூட்டமும் பாடலை வாய்விட்டுச் சொல்லியும் இசைத்தும் நுகர்ந்தன. அவர் எழுதிய கடிதங்கள் பின்னர் நூலாகத் தொகுக்கப்பட்டன. தமிழிசை இயக்கத்திற்கு அவர் அளித்த ஆதரவும் பரவலாகப் பதிவாகியுள்ளது.

எழுத்துத் தடயத்தை மட்டும் எண்ணினால், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இவ்வட்டாரத்தின் மிகப் பெரிய சுவைஞர் கூட்டம் இதுவே என்று முடிவு செய்ய நேரும். உண்மையில் அது கற்றோர் சிலரின் வட்டம். எனினும் ஆள்தொகையை மட்டும் எண்ணுவதும் பொருந்தாது. கல்கி போன்ற இதழாளர் ஒருவர் அவ்வட்டத்தில் இருந்தமையால், அங்குப் பேசப்பட்டது ஆயிரக்கணக்கான வாசகரைச் சென்றடைந்தது. ஆக, கடித எண்ணிக்கை கூட்டத்தைப் பெருக்கிக் காட்டுகிறது. ஆள் எண்ணிக்கை அதன் தாக்கத்தைக் குறைத்துக் காட்டுகிறது. கூட்டத்தின் அளவும் கூட்டத்தின் வீச்சும் வெவ்வேறு அலகுகளால் அளக்கப்பட வேண்டியவை.

காவடிச்சிந்து: பெரிய கூட்டம், தடயமின்மை

இன்றைய தென்காசி மாவட்டத்தில் உள்ள சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காவடிச்சிந்தை இயற்றினார். அவரை ஆதரித்தவர் ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர். கழுகுமலை முருகனை நோக்கிக் காவடி எடுத்துச் செல்லும் நடையோடு பிறந்த இச்சிந்து, பின்னர்க் கருநாடக இசைக் கச்சேரியின் பிற்பகுதியிலும் இடம்பெற்றது.

இதன் சுவைஞர்கள் நடந்தார்கள், பாடினார்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் எதுவும் எழுதி வைக்கவில்லை. மடல்களை எண்ணும் முறையில் இவர்களின் மதிப்பு சுழியம். ஆனால் இவர்கள் விட்டுச்சென்ற வேறு வகைத் தடயங்கள் உண்டு. பாடம் ஊருக்கு ஊர் மாறுவது ஒரு தடயம். ஒரே அடிக்கு வழங்கும் மெட்டு வேறுபாடு மற்றொன்று. யார் யாரிடம் கற்றார் என்னும் வழிமுறை இன்னொன்று. எழுத்து வழி வரும் பாடலில் பாடபேதம் பிழையாகக் கருதப்படலாம். வாய்மொழியில் அதுவே, பலர் நெடுங்காலம் பாடினர் என்பதற்குரிய சான்று.

காலமும் கருத்தில் கொள்ளத்தக்கது. காவடிப் பாடல் விழா நாள்களில் பொங்கிப் பிற நாள்களில் அடங்குவது. குற்றாலமோ ஆனி, ஆடி, ஆவணி மாதச் சாரல் பருவத்தில் வெளியூராரால் நிறைவது. ஆண்டின் ஒரு மாதத்தில் மட்டும் தரவு திரட்டும் ஆய்வு, திரட்டிய மாதத்திற்கேற்ப எதிரெதிரான முடிவுகளைத் தரக்கூடும். ஒரு முழு ஆண்டேனும் அளவைக் காலமாக அமைதல் இன்றியமையாதது.

வானொலி நேயர்: வாயிலால் வரையறுக்கப்பட்ட தொகை

1952இல் பி. வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பின்னர் அகில இந்திய வானொலியில் திரையிசை பெரிதும் குறைக்கப்பட்டது. திரைப்பாடல் நாடிய நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். 1957இல் விவித் பாரதி தொடங்கப்பட்டது. 1963இல் திருநெல்வேலி வானொலி நிலையம் அமைந்தது. இக்காலத்தில் அஞ்சலட்டையில் பாடலையும் பெயர்களையும் எழுதி அனுப்பும் நேயர் விருப்பம், எண்ணத்தக்க ஒரு செயற்பாட்டை உருவாக்கியது.

எனினும் இவ்வெண்ணிக்கை இரு வாயில்களைக் கடந்து வருகிறது. ஓர் அட்டையில் ஒரு குடும்பமோ ஒரு தெருவோ பெயர் எழுதலாம். ஒருவரே பல அட்டைகளும் அனுப்பலாம். எனவே அட்டை, ஆள் ஆகாது. அடுத்து, நிகழ்ச்சி நேரத்திற்குள் வாசிக்க இயன்ற பெயர்களே ஒலித்தன. வந்த அட்டைகள் இருமடங்கானாலும் வாசிக்கப்பட்டவை மாறா. வாசிக்கப்பட்ட பெயர்களைக் கொண்டு ஆர்வத்தின் ஏற்ற இறக்கத்தைக் கணிப்பவர், உண்மையில் நிகழ்ச்சியின் நேர அளவையே கணிக்கிறார். தேநீர்க் கடையில் ஒரே பெட்டியைச் சூழ்ந்து கேட்டவர்களோ எக்கணக்கிலும் இடம்பெறவில்லை.

சுவையை அளக்கலாகாது என்னும் மறுப்பு

சுவை என்பது எண்ணுக்கு அடங்காது என்னும் வாதம் பழையது. 1938இல் பால் லாசர்ஸ்ஃபெல்டின் வானொலி ஆய்வுத் திட்டத்தில் சேர்ந்த தியடோர் அடோர்னோ, நேயரின் விருப்பு வெறுப்பை எண்ணுவதால் இசையனுபவம் விளங்கிவிடாது என்று வாதிட்டார். அவ்விருப்பமே சமூகத்தால் உருவாக்கப்படுவது என்பது அவர் கருத்து. டி. கே. சி.யின் அணுகுமுறையும் எண்ணிக்கைக்கு இடம் தருவதன்று. கம்பராமாயணத்தில் கம்பர் வாக்கு எது, இடைச்செருகல் எது என்பதை அவர் தம் சுவையுணர்வைக் கொண்டே தீர்மானித்தார். அம்முறை அன்றே கடும் விவாதத்திற்கு உள்ளானது.

இம்மறுப்பில் வலு உண்டு, இழப்பும் உண்டு. எண்ணுதலை முற்றிலும் கைவிட்டால், பெயர் பெற்ற சுவைஞரின் கூற்றே இறுதிச் சான்றாகிவிடும். ரசிகமணியின் கடிதம் நூலகத்தில் இருக்கும். கழுகுமலைக்கு நடந்தவரின் குரல் எங்கும் இராது. எண்ணிக்கை, முறையாகக் கையாளப்படின், பெயரற்றோருக்கும் வரலாற்றில் இடம் தேடித் தரும் கருவியாகும்.

அளவைக்கான நெறிகள்

மேற்கண்டவற்றிலிருந்து ஐந்து நெறிகள் பெறப்படுகின்றன.

1. மடலையும் ஆளையும் தனித்தனியே எண்ணுதல். சராசரியோடு நடுவெண்ணையும் தருதல்.
2. மிகுதியாக எழுதிய சிலரை நீக்கிய பின் எஞ்சும் தொகையையும் காட்டுதல்.
3. ஒரு செய்தி விடை பெற்றதா, கைம்மாறியதா, மீண்டும் பாடப்பட்டதா என்னும் தொடர்ச்சியைப் பதிதல்.
4. தடயத்தைக் கடத்திய ஊடகத்தின் வரம்பை முதலில் கணக்கிடுதல்.
5. எழுதாதோரின் செயலுக்குப் பாடபேதம், மெட்டு வேறுபாடு, கற்பித்தல் வழி ஆகியவற்றை மாற்று அலகுகளாகக் கொள்ளுதல்.

ஐந்தாம் நெறிக்குக் கள ஆய்வு தேவை. வாய்மொழியாகப் பாடும் முதியோர் குறைந்து வரும் நிலையில், மடல்களை எண்ணுவதைப் போல அதனைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைக்க இயலாது.

முடிவுரை

தென்காசி, குற்றாலம் வட்டாரத்தின் மூன்று மரபுகளையும் ஒரே அளவுகோலால் அளந்தால், சிறு வட்டம் முதலிடமும், வானொலி நேயர் இரண்டாமிடமும், காவடி அடியவர் கடையிடமும் பெறுவர். பங்கேற்றோரின் பரப்பை நோக்கின் இவ்வரிசை தலைகீழாகக்கூடும். இவ்விரு வரிசைகளில் எதுவும் தன்னளவில் பொய்யன்று. ஒவ்வொன்றும் வேறொன்றை அளக்கிறது. எதனை அளந்தோம் என்பதைத் தெளிவாகச் சொல்லாத எண்ணிக்கையே ஆய்வைத் தவறான வழியில் செலுத்துகிறது. இன்றைய இசைச் சுவைஞர் குழுக்களைப் பற்றிய ஆய்வுகள், தொகையை முடிவாக வைப்பதை விடுத்து, அதனை வினாவின் தொடக்கமாகக் கொள்ளுதல் வேண்டும்.